என் கேமரா பார்க்காத நம்பர்

எண்ணூர் போகிற சாலையில், துறைமுகத்துக்குப் போகும் டிரைலர் லாரிகள் வரிசையாக நிற்கும் பக்கத்தில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. மாமனார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. காலையில் கணவரும் மதியத்துக்கு மேல் நானும் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணமாகி வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் சொந்தக்காரர்களின் முகங்களைவிட டிரைலர் சக்கரங்களைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

வாசலில் கேமரா மாட்டியது ஒரு எண்ணெய் டின் காணாமல் போன பிறகு. மலிவான கேமரா. இந்தச் சாலையில் நிலக்கரித் தூசி எதன்மீதும் படியும், கேமரா கண்ணாடியிலும் படியும். வாரத்துக்கு ஒரு முறை துடையுங்கள் என்று மாட்டியவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை என்னுடையது. நான் ஒழுங்காகத் துடைத்ததில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் மற்றவர்கள்மீதுதான் கோபப்படப் போகிறேன்.

எங்கள் ஷட்டர் முடிகிற இடத்தில் காலையில் ஒரு பெண் உட்கார்ந்து இறால் விற்பாள். காத்திவாக்கத்துக்காரி. அவள் கணவர் உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். பதினோரு மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். அலுமினிய அன்னக்கூடையை எங்கள் குழாயில் கழுவி, கடைக்குள் கவிழ்த்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். பேச்சு குறைவு, மீசை பெரிது. "வரேம்மா" என்ற ஒரு சொல்லைத் தவிர அவரிடம் நான் கேட்டது ரொம்பக் கொஞ்சம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. நான் துவரம்பருப்பு கட்டிக்கொண்டிருந்தேன். தகரத்தில் எதையோ போட்டது போல ஒரு சத்தம் கேட்டது. பிரேக் போட்ட சத்தம் இல்லை. வெளியே ஓடி வந்தபோது, ஒரு டிரைலரின் பின்பக்கம் மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் இருந்த கன்டெய்னர் நீலமா பச்சையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இறால்காரியின் கணவர் சாலையின் நடுவில் கிடந்தார். மழைக்காகத் தலையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. சைக்கிள் எங்கோ போயிருந்தது. ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் எஸ்.ஐ. வந்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். கேமராப் பதிவை இருவரும் சேர்ந்து பார்த்தோம். மழைக்கோடு, ஹெட்லைட்டின் பூத்துப்போன வெளிச்சம், ஒரு மங்கலான உருவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது, ஒரு பெரிய இருட்டு அதை மறைப்பது, இருட்டு நகர்ந்து போவது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சாம்பல் புள்ளிகள்.

"ஒண்ணும் தெரியலியே சார்" என்றேன்.

"அதுக்கெல்லாம் இப்ப வழி இருக்கு மேடம்" என்றார்.

பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டார். இந்தப் பதிவு என் கடைக் கருவியிலிருந்து எடுத்ததுதான், கருவி ஒழுங்காக வேலை செய்தது என்று ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து, செல்போனை என் முன்னால் நீட்டினார். "ஏ.ஐ.ல போட்டுத் தெளிவாக்கியிருக்கோம். பாருங்க."

அதே மழை, அதே சாலை. ஆனால் யாரோ உலகத்தையே கழுவித் துடைத்து வைத்தது போல இருந்தது. டிரைலரின் முன்பக்கம் சிவப்பு. விளக்கின் விளிம்பு தெரிந்தது. நம்பர் பிளேட்டில் எழுத்தும் எண்ணும், கோவிலில் பெயர் வெட்டிய கல் மாதிரி, பளிச்சென்று தெரிந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அடப்பாவி, இவ்வளவு தெளிவாவா!" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். இன்னொரு தாளை நீட்டினார். "போன தடவை போட்ட மாதிரிதான் மேடம்." படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு நிற்கவில்லை. அன்றைக்கே காத்திவாக்கம் போய் அவளிடம் நான்தான் சொன்னேன், நம்பர் கிடைத்துவிட்டதென்று. பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"மெய்யாவாக்கா? கெட்ச்சிட்ச்சா?"

"என் கண்ணால பாத்தேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை இப்போது நினைத்தால் எனக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த நம்பர் வண்டியின் டிரைவர் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்புக்காரர் என்றும், அவரைப் பிடித்துவிட்டார்கள் என்றும் தெரிந்தது. அன்றைக்குக் காலையில் அந்தச் சாலையில் வந்தேன், சாயங்காலம் வரவில்லை என்று அவர் சொன்னாராம். பிடிபட்ட எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நானும்தான் சொன்னேன். ஜாமீன் உடனே கிடைத்தது. ஆனால் லைசென்ஸ் போய்விட்டது, முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

சம்மன் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மூன்று முறை கடையை மூடிவிட்டுப் போய், கோர்ட் வராந்தாவில் மதியம் வரை நின்று, வாய்தா என்று திரும்பி வந்தேன். என் கணவர், "கேட்டதுக்கு ஆமான்னு சொல்லிட்டு வாயேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

நாலாவது முறை கூண்டில் ஏற்றினார்கள். அவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு. டிரைவர் ஓரமாகக் கைகட்டி நின்றார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். அரசு வக்கீல் வீடியோவைப் போட்டார். அங்கே பெரிய திரை.

"இது உங்க கடை கேமராவுல பதிவானதுதானே?"

ஆமாம் என்று வாய் திறந்தேன். அப்போதுதான் எதிர்க் கடையின் போர்டு கண்ணில் பட்டது.

எங்கள் கடைக்கு நேர் எதிரே பஞ்சர் கடை. மஞ்சள் தகரத்தில் சிவப்பு பெயின்டால் 'பஞ்சர் காற்று' என்று கையால் எழுதிய போர்டு. பதினெட்டு வருஷமாக நான் தலை நிமிர்ந்தால் முதலில் தெரிவது அதுதான். திரையில் அந்தப் போர்டு பளிச்சென்று இருந்தது. பெயின்ட் காயாதது போல மின்னியது. ஆனால் அதில் இருந்தது எழுத்தே இல்லை. முதல் எழுத்து 'ப' மாதிரி ஆரம்பித்து வயிற்றில் ஒரு சுழியோடு முடிந்தது. அடுத்தது 'ஞ'வும் இல்லை, 'கு'வும் இல்லை. தெலுங்கோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. யாரோ தமிழைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இப்படித்தான் இருக்கும் என்று வரைந்த மாதிரி இருந்தது.

"ஆமாவா, இல்லையாம்மா?" என்றார் வக்கீல்.

"சார், அந்த போர்டுல எழுத்து தப்பா இருக்கு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். வக்கீல் போர்டைப் பற்றிக் கேட்கவில்லை என்றார். நான் விடவில்லை. அது பஞ்சர் காற்று என்று இருக்க வேண்டும், இதில் என்னவோ இருக்கிறது, என் கேமராவில் அந்தப் போர்டு மங்கலாகத்தான் தெரியும், இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்று கோர்வையில்லாமல் சொன்னேன். மாஜிஸ்திரேட் அம்மா முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்தார். "அந்த எழுத்தை அது தப்பா எழுதியிருக்குன்னா நம்பரை?" என்று கேட்க வந்தேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று வக்கீல் அடக்கினார்.

இன்னொன்றும் திரையில் இருந்தது. கவர் போட்ட அந்த மங்கல் உருவத்துக்கு இப்போது ஒரு முகம் வந்திருந்தது. மீசையில்லாத, முப்பது வயது முகம். யாரோ ஒருவர். அவர் இல்லை. அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டைப் பற்றிச் சொல்ல வாய் வந்த எனக்கு, அவள் முன்னால், அது உன் புருஷன் முகமே இல்லை என்று சொல்ல வரவில்லை.

"இது உங்க கேமரா பதிவுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" வக்கீல் அந்த இரண்டாவது தாளைக் காட்டினார்.

"போட்டேன். படிக்காமப் போட்டேன். என் கேமரா எடுத்தது வேற. அத போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அவர் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க அனுமதி கேட்டார். அந்தச் சொல்லை நான் பேப்பரில்தான் படித்திருந்தேன், பணம் வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறவர்களைப் பற்றி. அடுத்து வந்த கேள்விகளும் அப்படியே இருந்தன. டிரைவர் வீட்டிலிருந்து யாராவது கடைக்கு வந்தார்களா, லாரி முதலாளி யாரையாவது தெரியுமா, யார் சொல்லிக் கொடுத்து இப்படிப் பேசுகிறேன். உண்மையைச் சொல்ல வந்து திருட்டுப் பட்டம் வாங்கியவளைப் போல நின்றேன்.

டிரைவரின் வக்கீல் அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த ஆள். அன்றைக்குத்தான் அவருக்கு உயிர் வந்தது. அசல் பதிவைப் போடச் சொன்னார். சாம்பல் புள்ளிகள் திரையில் வந்தன. "இதில் நம்பர் தெரிகிறதா?" என்றார். "தெரியல." "இதை ஓட்டியது இவரா?" "அதுவும் தெரியல" என்றேன். அவருக்கு முதல் பதில் பிடித்தது, இரண்டாவது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் என்னை வழிமறித்தாள்.

"அவன் இல்லன்றியாக்கா?"

"அப்படிச் சொல்லலம்மா. அது எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா இன்னாத்துக்கு வாயத் தொறந்த? தெரியாதவ மூடிகினு இருக்கணும்ல?"

"அந்த நம்பர் நெசம் இல்ல. மெஷின் அதுவா எழுதினது..."

"என் வூட்டுக்கு வந்து, கண்ணால பாத்தேன்னு நீதான சொன்ன? அன்னிக்கு மெஷின் எழுதலியா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மறுநாள் காலை எங்கள் ஷட்டர் ஓரம் காலியாக இருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே மாறிவிட்டாள். அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு போக யாரையோ அனுப்பினாள்.

வீடியோவைத் தெளிவாக்கிக் கொடுத்தவரை அடுத்த வாய்தாவில் விசாரித்தார்கள். என் சாட்சி முடிந்திருந்ததால் உள்ளே உட்கார்ந்து கேட்டேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். ஸ்டேஷனுக்குத் தெரிந்தவர் என்பதால் செய்து கொடுத்தாராம். பாவம், வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

"இந்த நம்பர் எப்படி வந்தது?" என்று கேட்டார் டிரைவரின் வக்கீல்.

"சாஃப்ட்வேர்தான் சார் கொண்டுவந்துச்சு."

"எதிலிருந்து?"

"மங்கலா இருக்கிற இடத்துல என்ன இருக்கலாம்னு அது பாத்துப் போடும் சார்."

"ஒரு தடவைதான் போட்டீங்களா?"

அவர் எஸ்.ஐ. இருந்த பக்கம் பார்த்தார். "மூணு தடவை சார்."

"மூணு தடவையும் இதே நம்பரா?"

"கடைசி எண் மட்டும்... ரெண்டு தடவை ஆறு. ஒரு தடவை எட்டு."

எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு மனிதனின் பிழைப்பு, இன்னொருவரின் சாவு, இரண்டையும் இரண்டுக்கு ஒன்று என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தபோது நான் போகவில்லை. தெளிவாக்கிய படத்தை நம்பித் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல என்றும், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து டிரைவரை விடுவிப்பதாகவும் மாஜிஸ்திரேட் எழுதியிருந்தாராம்.

இரண்டு நாள் கழித்து டிரைவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

"நீங்க சொல்லாங்காட்டி நான் உள்ள போயிருப்பேன்க்கா."

"நான் உங்களுக்காகச் சொல்லல."

"தெரியும்க்கா. ஆனா நான் இடிக்கலக்கா. சத்தியமா. காலைலயே கன்டெய்னர் யார்டுக்குள்ள போயி, நைட்டு வரைக்கும் அங்கயேதான் கெடந்தேன். யாரும் அத வந்து கேக்கவே இல்ல."

நம்ப வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் அதற்கும் ஒரு ஆதாரம் என்னிடம் இல்லை. நிஜமாகவே அவர் இல்லையென்றால் ஒரு அப்பாவியை ஒன்றரை வருஷம் அலைக்கழித்தோம். அவர்தான் என்றால் நானே வெளியே அனுப்பி வைத்தேன். இரண்டில் எது என்று சொல்ல வேண்டியவர்கள் இப்போது சொல்லப் போவதில்லை. ஸ்வீட் பாக்ஸை வாங்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. யாரும் வந்து கேட்கவே இல்லை. எங்கள் கடைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜ் இருக்கிறது. அங்கே இருப்பவை நல்ல கேமராக்கள். நம்பர் பிளேட்டைப் பிடிப்பதற்காகவே தாழ்வாக மாட்டியவை. எங்கள் கடையைத் தாண்டுகிற எந்த டிரைலரும் அதைத் தாண்டாமல் போக முடியாது. இது எனக்கு ஒன்றரை வருஷமாகத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நடந்தே போனேன். மேனேஜர் வயதானவர், நின்று கேட்டார்.

"ரெக்கார்டிங் பதினஞ்சு நாள்தான்மா நிக்கும். அப்புறம் அது மேலயே புதுசு பதிவாயிடும்."

"அந்தப் பதினஞ்சு நாளுக்குள்ள போலீஸ் யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லியே. வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். அந்த ஆக்சிடென்ட் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வருவாங்கன்னு நானே எதிர்பாத்தேன்."

ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்குள்தான் கையில் நம்பர் வந்துவிட்டதே! பளபளவென்று, கல்லில் வெட்டிய மாதிரி. அதற்குப் பிறகு யார் மழையில் இறங்கி வேபிரிட்ஜுக்கு நடப்பார்கள்? என் மங்கல் படம் மங்கலாகவே இருந்திருந்தால், தேட வேண்டும் என்றாவது யாருக்காவது தோன்றியிருக்கும்.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராக மேம்பாலத்துக்குக் கீழே போனேன். அவள் இறாலின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: வேபிரிட்ஜ், பதினைந்து நாள், யாரும் கேட்காதது. கடைசியில், அந்தப் படத்தில் இருந்த முகம் அவள் கணவரின் முகம் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவள் இறாலைக் கையால் தள்ளிச் சரிசெய்தாள். பிறகு, "அத நான் அன்னிக்கே பாத்தேன்" என்றாள். "மீச இல்ல. சவரம் பண்ண மாதிரி இருந்துச்சு. மூஞ்சி தப்பா இருந்தா இன்னா, நம்பர் கரீட்டா இருந்தா போதும்னு இருந்தேன்."

ஒருவர் வந்து கால் கிலோ கேட்டார். அவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "இப்ப இன்னா பண்றது?"

மறுபடி விசாரிக்கச் சொல்லி ஒரு மனு எழுதினோம். நான் எழுத, அவள் சொன்னாள். என்னால் எழுத முடிந்ததைவிட அவள் சொன்னது நன்றாக இருந்தது. போலீஸ் பெரிய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். ஏழு மாதம் ஆகிறது. நாலு தடவை போய்க் கேட்டுவிட்டோம். பழைய எஸ்.ஐ. மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கேஸ் முடிஞ்சிருக்கேம்மா" என்றார்.

"யார் இடிச்சதுன்னு முடிஞ்சிருக்கு?" என்று அவள் கேட்டாள்.

அவர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.